படத்தில் விழாத முள்

அந்த இருக்கையில் கோளாறு எதுவும் இல்லை என்பதுதான் சாருமதிக்குப் புரியாமல் இருந்தது.

காலையிலிருந்து அதன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மூடியைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டாள். காற்றுப்பைகள் உப்பின, வடிந்தன. சூடேற்றும் கம்பிகள் சூடாயின. அதிர்வு மோட்டார் ஓடியது. சாய்மானத்தை மாற்றும் தண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில், சொன்னபடி முன்னே சரிந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் இதே இருக்கையில் ஒருவர் தினமும் மதியம் வந்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை எழாமல் இருக்கிறார் என்று கணினிப் பதிவு சொன்னது.

அப்படி ஒருவர் இருக்கவே முடியாது. அந்தச் சதுக்கத்து பெஞ்சுகளின் வேலையே உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவதுதான்.

கோவையில் மூடிப்போன பஞ்சாலை ஒன்றை இடித்துவிட்டு, கடைக்காரர்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழு கட்டிய சதுக்கம் அது. நடுவில் நீரூற்று, சுற்றிலும் கடைகள், வேப்பமர நிழலில் வெளிர் சாம்பல் நிற பெஞ்சுகள். உட்கார்ந்தால் இதமாக இருக்கும். ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோலத் தோன்றும். எழுந்து போய்விடுவார்கள். பெஞ்சு தன்னை எழுப்பிவிட்டது என்று ஒருவரும் நினைத்ததில்லை. வேலை கிடைக்காதவர்கள், வீட்டில் இடம் போதாதவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் எல்லாரும் அங்கே வந்தார்கள், ஆனால் யாரும் தங்கவில்லை. சதுக்கம் எப்போதும் துடைத்து வைத்தாற்போல இருந்தது.

சாருமதியின் மேலாளர் ஆரோக்கியநாதன் வாடிக்கையாளர்களிடம் இப்படித்தான் சொல்வார்: “ஆணி வெச்ச திண்ணை, நடுவுல இரும்புக் கம்பி வெச்ச பெஞ்சு, எல்லாம் பாத்தாச்சு சார். எவனாவது ஒரு போட்டோ எடுத்துப் போடுவான், ஊரே திட்டும். எங்க பெஞ்சுல போட்டோ எடுக்க என்ன சார் இருக்கு?”

அன்று அவர் போனில் கேட்டார். “என்னம்மா, மோட்டார் போயிடுச்சா?”

“எல்லாம் வேலை செய்யுது சார். முழு அழுத்தத்துல ஓடிட்டிருக்கு. ஆனா அவர் எழுந்திருக்கல.”

“அப்ப அந்த ஆளைப் பாரு. யாரு, எப்படி உட்காருறாரு, ஏதாவது மெத்தை கொண்டு வராரான்னு பாரு. ஒரு ஆளுக்கு வேலை செய்யலன்னா இன்னொரு ஆளுக்கும் செய்யாம போகலாம். அடுத்த மாடல்ல சரி பண்ணணும்.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நிஜமாவே ஆச்சரியமா இருக்கு, சாரு. எனக்கும் தெரிஞ்சுக்கணும்.”

அவளுக்கும்தான். எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தம் என்ற கணக்கு முழுவதும் அவள் போட்டது. தான் போட்ட பூட்டை ஒருவர் சாவியில்லாமல் திறந்துவிட்டதைப் போல இருந்தது அவளுக்கு. கோபம் வரவில்லை. அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான் வந்தது.

மறுநாள் மதியம் அவருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். நன்றாகத் துவைத்த வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், மடியில் ஒரு கைத்தடி. மெத்தை எதுவும் இல்லை.

“உக்காருங்க அம்மிணி. இந்தப் பக்கம் வெய்யில் வராதுங்க” என்றார். பிறகு முகத்தை உற்றுப் பார்த்து, “நேத்து இந்த மூடியக் கழட்டிட்டு இருந்தது நீங்கதானுங்களே?” என்றார்.

“ஆமாண்ணா. சும்மா பராமரிப்பு வேலை.”

“மெசினு வெச்ச பெஞ்சுங்களா?” அவர் குனிந்து பார்த்தார். “எனக்கும் மோட்டார்னா ஆசைதானுங்க. கல்யாண மேடை அலங்காரம் பண்றவன் நானு. பண்ணிட்டிருந்தவன். கிட்டுசாமின்னா மண்டபத்துக்காரங்க எல்லாத்துக்கும் தெரியும்.”

பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் குரல் வேகமெடுத்தது. பூவால் யானை செய்தது, மணமேடையில் செயற்கையாக மழை பெய்ய வைத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். சாருமதி நிஜமாகவே ரசித்துக் கேட்டாள்.

“ஒரு கல்யாணத்துல, தாலி கட்டறப்ப பின்னால மயில் தோகை விரிக்கோணும்னு பொண்ணு வீட்ல ஆசைப்பட்டாங்க. ஆளு ஒசரத்துக்கு மயிலு. நானே மோட்டார் வெச்சு செஞ்சனுங்க. முகூர்த்தம் வந்துருச்சு. கெட்டிமேளம்ங்கறாங்க. நான் பொத்தான அமுக்கறேன்…”

“ஒரு நிமிஷம்ணா” என்று சாருமதி எழுந்தாள். “ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்.”

“போய்ட்டு வாங்க அம்மிணி.” அந்த பதில் உடனே வந்தது. அவள் எழுவதற்காகவே காத்திருந்தவர் சொல்வதைப் போல.

டீக்கடை முன்னால் போய் நின்று போனை எடுத்தபோதுதான் யாருக்குப் பேசவேண்டும் என்று யோசித்தாள். யாருக்கும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தான் போட்ட கணக்கு தன்னையே எழுப்பிவிட்டிருக்கிறது! அதுவும் அத்தனை சுவாரசியமான இடத்தில். சிரித்தபடியே திரும்பிப் பார்த்தாள். கிட்டுசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அத்தர் குப்பியை எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழுத்திலும் சட்டை நுனியிலும் அவசரமாகத் தடவிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

அவள் திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். “மயில் என்னாச்சுண்ணா?”

அவர் அவளை நம்பாமல் பார்த்தார். “திரும்பி வந்துட்டீங்களா?”

“கதையை பாதியில விட்டுட்டுப் போக முடியுமா?”

“தோகை விரியலீங்க அம்மிணி. மயிலே திரும்பிருச்சு. மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேரா வாலக் காட்டிட்டு நின்னுது.” சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கைத்தடியின் முனையைப் பார்த்தபடி கேட்டார்.

“ஒன்னு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“என் மேல ஏதாச்சும் வாடை அடிக்குதுங்களா?”

சாருமதி பதில் சொல்வதற்குள் அவரே விளக்கினார். மேடைச் சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பின் அடிப்பகுதி நசுங்கிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு தடியூன்றி நடக்க முடிந்தது. ஆனால் சிறுநீர், மலம் வருவது தெரியாது. டயபர் கட்டிக்கொள்கிறார்.

“சுத்தமாத்தானுங்க இருக்கறேன். ரெண்டு வேளையும் குளிக்கறேன். ஆனா பக்கத்துல உக்கார்றவங்க எல்லாம் நல்லாப் பேசிட்டே இருப்பாங்க, திடீர்னு வேலை வந்துரும், போயிருவாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராது பாவம். தம்பி வீட்ல இருக்கறேன், அங்க எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. மனுச மூஞ்சி பாக்கலாம்னுதான் இங்க வர்றது. வாடைன்னா சொல்லிருங்க, நான் வராம இருந்துக்கறேன்.”

“இல்லண்ணா. வாடையே இல்ல. சத்தியமா.”

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அவள் மனம் அதற்குள் வேறோர் இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

“விழுந்ததுல… உட்கார்ற இடத்துல உணர்ச்சி இருக்காண்ணா?”

“தொடைக்குப் பின்னால இருந்து இடுப்பு வரைக்கும் ஒன்னுமே தெரியாதுங்க. கிள்ளுனாலும் தெரியாது.”

விடை கிடைத்துவிட்டது. கிடைத்த கணத்திலேயே அதன் மறுபாதியும் புரிந்தது. எழாத ஆளைப் பெஞ்சு விட்டுவிடாது. இன்னும் கொஞ்சம் அழுத்தும். இன்னும் கொஞ்சம் சூடேற்றும். மாதக்கணக்கில், எலும்பு புடைத்திருக்கும் அதே இடத்தில், வலியே தெரியாத ஒருவரை அது முழு வேகத்தில் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

“அண்ணா, உங்க… பின்பக்கத்தை யாராவது பாத்து எவ்வளவு நாளாச்சு?”

கிட்டுசாமி கூச்சத்தில் நெளிந்தார். அந்த நேரத்தில்தான் தூக்குவாளியுடன் ஒரு பெண் வந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கைகளில் எண்ணெய் தெறித்த தழும்புகள்.

“நம்ம சாந்தாமணிங்க” என்றார் கிட்டுசாமி, பேச்சை மாற்றக் கிடைத்த வாய்ப்பை விடாமல். “அந்த லேடீஸ் ஆஸ்டல்ல சமையலு. மத்தியானச் சமையல முடிச்சுட்டு ராத்திரிச் சமையலுக்கு முன்னால செத்த நேரம் வந்து உக்காரும்.”

“சுண்டல் மிஞ்சிருச்சுங்ணா, கொண்டாந்தேன்” என்ற சாந்தாமணி சாருமதியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “என்னுங்க, என்ன ஆச்சு?”

“அக்கா, அண்ணனை எழுந்திருக்கச் சொல்லி, பின்னால ஒரு தடவை பாருங்களேன்.”

கிட்டுசாமி முணுமுணுத்துக்கொண்டே தடியை ஊன்றி எழுந்தார். சாந்தாமணி குனிந்தாள். கறுப்பு பேண்டில் எதுவும் தெரியவில்லை. கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள்.

“ஏனுங்ணா” என்றாள், குரல் உடைந்து. “இது தண்ணியில்லீங்களே.”

*

“எலும்பு வரைக்கும் போயிருக்கு” என்றார் டாக்டர். சின்னப் பெண்தான், சாருமதியின் வயதுகூட இருக்காது. “படுக்கைப் புண் மாதிரியேதான். ஆனா இவர் நடமாடறவர். இவ்வளவு ஆழமா எப்படி வரும்? எதுமேல உட்கார்ந்திருந்தார்?”

“பெஞ்சுலதான்” என்று மட்டும் சொன்னாள் சாருமதி.

கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. சில நாட்கள் அவர் பிழைப்பாரா என்பதே நிச்சயமில்லாமல் இருந்தது. காய்ச்சலில் யாரோ ஒரு மண்டபத்துக்காரரிடம் பூ வாடிவிட்டதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியும் தம்பி மனைவியும் வேலை முடிந்து வருவார்கள். மதியத்தில் சாந்தாமணி வருவாள். சாருமதி அலுவலகத்தில் என்னென்னவோ காரணம் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

காய்ச்சல் இறங்கி, அவர் குப்புறப் படுத்தபடியே பேசத் தொடங்கிய மதியம், சாருமதி அவர் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சாந்தாமணி அன்று வரவில்லை. ஹாஸ்டலில் ஏதோ விசேஷச் சமையல்.

“அண்ணா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். வெளியில சொல்லக் கூடாதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா சொல்றேன். அந்த பெஞ்சு சாதாரண பெஞ்சு இல்ல.”

“மெசினு வெச்ச பெஞ்சுன்னுதான் அன்னிக்கே தெரிஞ்சுதுங்களே.”

“ஆமா. உள்ள சின்னச் சின்ன காத்துப்பை இருக்கு. உட்கார்ந்த உடனே உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி மெத்துன்னு ஆகும். கொஞ்ச நேரம் கழிச்சு எலும்பு படற இடத்துல மட்டும் ஒரு பை கல்லு மாதிரி இறுகும். சீட்டு முன்னால சரியும். சூடு ஏறும். எதுவுமே தனியாத் தெரியாது. மனசுக்குள்ள ஒரு இருப்புக்கொள்ளாமை வரும், அவ்வளவுதான். ஏதோ வேலை இருக்குன்னு எழுந்து போயிடுவாங்க.”

“எதுக்குங்க அப்படி?”

“யாரும் ரொம்ப நேரம் இருக்கக் கூடாதுன்னு. வந்தமா, கடையில வாங்கினமா, போனமான்னு இருக்கணும்னு. முதல்ல இதை நாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் செஞ்சோம். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குப் புண்ணு வராம இருக்க, அழுத்தத்தை மாத்தி மாத்திக் கொடுக்கற மெத்தை. அப்புறம் யாருக்கோ தோணுச்சு, இதையே திருப்பிப் போட்டா என்னன்னு. எந்த இடத்துல அழுத்தக் கூடாதுன்னு தெரிஞ்சா, எந்த இடத்துல அழுத்தணும்னும் தெரியும் இல்லையா? அந்தக் கணக்கைப் போட்டது நான்தான். உங்களுக்கு வலி தெரியாதுங்கறது அந்தக் கணக்குல இல்ல.”

தலையணையில் ஒரு கன்னம் அழுந்தியிருக்க, அவரது மறுபக்கக் கண் மட்டும் அவளைப் பார்த்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

“அப்ப வாடை இல்லீங்களா?” என்றார்.

“இல்லண்ணா.”

“எல்லாரும் எந்திரிச்சுப் போனது பெஞ்சுனாலயா?”

“பெஞ்சுனாலதான்.”

அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. துடைக்கக் கை எட்டவில்லை. சாருமதி துடைத்துவிட்டாள். அதன் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது, அதுவும் புண்ணுக்காக வரவில்லை.

“சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலே போச்சுங்க அம்மிணி. ஒரு மனுசன இப்படி நெனைக்க வெச்சுட்டீங்களே. துரத்தறதுன்னா ஒரு ஆள நிறுத்தி, எந்திரிச்சுப் போடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமில்லீங்களா? நானும் திருப்பி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.”

*

ஆரோக்கியநாதன் கெட்டவர் இல்லை. சாருமதி எல்லாவற்றையும் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. அன்றே மேலிடத்தில் பேசினார். இரண்டு நாளில் ஒரு தீர்வோடு வந்தார். ஆஸ்பத்திரிக்கு அவரே பழங்களோடு வந்து, கிட்டுசாமியின் கட்டிலருகில் நின்றார்.

“உங்க சிகிச்சையெல்லாம் நாங்க பாத்துக்கறோம் ஐயா. அப்புறம் இதைப் பாருங்க.” விரல் நகம் அளவுள்ள ஒரு வில்லையைக் காட்டினார். “இதை சட்டையில குத்திக்கிட்டா போதும். நீங்க எங்க உட்கார்ந்தாலும் எங்க பெஞ்சு உங்களை அடையாளம் கண்டுக்கும். கடைசி வரைக்கும் மெத்தையாவே இருக்கும். உங்களை மாதிரி இருக்கற எல்லாருக்கும் குடுக்கப் போறோம். மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி, எல்லாருக்கும்.”

“பக்கத்துல உக்கார்றவங்களுக்குங்க?” என்றார் கிட்டுசாமி.

“அவங்களுக்கு எதுக்கு ஐயா? அவங்க சாதாரண ஆளுங்கதானே. அவங்களுக்குப் பழைய மாதிரிதான்.”

“அப்ப நான் மெத்தையில உக்காந்துட்டு யாரோடங்க பேசறது?”

கிட்டுசாமி வில்லையை வாங்கவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் ஆரோக்கியநாதன் சொன்னார்: “அவருக்கு என்னதான் வேணும், சாரு? உலகத்துல எல்லா பெஞ்சையும் ஒரு ஆளுக்காக நிறுத்த முடியுமா?”

“நிறுத்த வேண்டாம் சார்” என்றாள் சாருமதி. அந்த நிமிடத்தில்தான் அவளுக்கே அது பளிச்சென்று தெரிந்தது. “நான் அன்னைக்கு எழுந்து போனேன். பெஞ்சுதான் எழுப்புதுன்னு புரிஞ்சப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதுக்கப்புறம் அது என்னை ஒன்னும் செய்யல. குத்திச்சு, ஆனா எழுப்பல. நம்ம கணக்கு ஒரே ஒரு விஷயத்துல நிக்குது சார். அது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா, அது வெறும் மோசமான பெஞ்சு.”

“நீ எதுவும் பண்ணிடாதேம்மா” என்றார் அவர். கெஞ்சுகிற குரல்.

அன்று மாலையே அவள் ராஜினாமாவை அனுப்பினாள். விதிப்படி இன்னும் சில வாரம் வேலை பார்க்கவேண்டும். அனுப்பிய கையோடு ஹாஸ்டலுக்குப் போய் சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சாந்தாமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டாள். “அட கருமமே” என்றாள் முடிவில். இரவு பந்தியில் தோசை போட்டுக்கொண்டே ஹாஸ்டல் பெண்களிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் பொழுது இறங்கும் நேரத்தில் அந்தப் பெண்கள் கூட்டமாகச் சதுக்கத்துக்கு வந்தார்கள். நீரூற்றைச் சுற்றியிருந்த பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

“இப்ப சூடாகுதுடி!”

“எனக்கு சரியுது. ஏய், நிஜமாவே சரியுது!”

“எனக்கு வீட்டுக்குப் போன் பண்ணணும்னு தோணுது.”

“அது நீயில்ல, பெஞ்சு. உட்காரு!”

யார் கடைசி வரை தாக்குப்பிடிப்பது என்று போட்டி வைத்துக்கொண்டார்கள். படம் எடுக்க எதுவும் இல்லை என்று ஆரோக்கியநாதன் சொன்ன பெஞ்சில் தங்கள் முகங்களைப் படம் எடுத்தார்கள். நெளிவதையும், பல்லைக் கடிப்பதையும், ஒருத்தியை ஒருத்தி தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைப்பதையும். அந்தப் படங்கள் பரவின. வீம்புக்கென்றே உட்கார ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு பேராசிரியர் வெப்பமானியோடு வந்தார். சீட்டுக்கச்சேரி ஒன்று கூடியது. வேலை தேடி அலைந்த பையன்கள் கால் நீட்டி உட்கார்ந்து, இத்தனை நாளும் தங்கள் மனசுதான் நிலைகொள்ளாமல் தவிக்கிறது என்று நினைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பெஞ்சுகள் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தன. கணினித் திரையில் சதுக்கம் முழுவதும் சிவப்பாக எரிந்தது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. சீட்டாட்டத்தில் அடிதடி ஆனது. யாரோ ஒரு குடிகாரர் நீரூற்றுக்குள் இறங்கிக் குளித்தார். செல்போன் கடைக்காரர் வாசலை மறைக்கிறார்கள் என்று தினமும் சத்தம் போட்டார். பழச்சாறுக் கடைக்காரர் மட்டும் வாய் திறக்கவில்லை, அவருக்கு நிற்க நேரமில்லை. கடைசியில் சதுக்கக் குழு கூடி, புண்பட்டவர் வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்து, இயந்திரத்தை நிறுத்திவிடச் சொன்னது. மனம் மாறி எடுத்த முடிவில்லை, பயந்து எடுத்த முடிவு. இன்னும் இரண்டு ஊர்களில் அதே பெஞ்சுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

*

நிறுத்தும் வேலையைச் சாருமதியிடமே கொடுத்தார்கள். நிறுவனத்தில் அவளுக்கு அதுதான் கடைசி வேலை. பெஞ்சு பெஞ்சாகப் பைகளைப் பாதி நிரப்பி, அப்படியே அடைத்து, மோட்டாரின் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றையும் அணைக்கும் முன் அதன் பழைய பதிவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவசியமில்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான். யார் யாரையெல்லாம் இது எழுப்பிவிட்டிருக்கிறது என்று.

கிட்டுசாமியின் இருக்கைக்கு அடுத்த இருக்கையில் அவள் கை நின்றது.

மதியம் கழிந்த வேளைகளில் அந்த இருக்கையும் முழு அழுத்தத்தில் ஓடியிருந்தது. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, மாதக்கணக்காக. தினமும் உட்கார்ந்தவரின் எடை ஒன்றே. எழவில்லை. மாலை வருமுன் அந்த நபர் போய்விட்டதால், எச்சரிக்கை எழும் எல்லையை அது தொடவில்லை. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு சமையலுக்கு நடுவே அந்த நேரத்தில் வந்து உட்காருபவள் சாந்தாமணி. இதெல்லாம் பெஞ்சின் ரகசியம் வெளியே தெரிவதற்கு வெகுநாள் முன்னால்.

சாருமதி கருவிகளை அப்படியே போட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு ஓடினாள். இன்னொருவர். உணர்ச்சியில்லாத இன்னொருவர், இன்னொரு புண். இவ்வளவு நாள் கண்முன்னால் நடமாடிக்கொண்டிருந்தவளைக் கேட்கவே தோன்றவில்லையே.

சமையலறையில் சாந்தாமணி பெரிய அண்டாவில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்களுக்கு இடுப்புல ஏதாவது அடிபட்டிருக்கா? ஆபரேஷன் ஏதாவது?”

“எனக்கென்னுங்க, கல்லாட்டம் இருக்கறேன்.”

“சர்க்கரை? கால் மரத்துப் போகுமா? நான் கிள்ளினா தெரியுமா?” கேட்டபடியே அவள் தொடையில் கிள்ளிவிட்டாள்.

“ஐயோ!” சாந்தாமணி கரண்டியோடு துள்ளினாள். “என்னுங்க நீங்க, கிறுக்குப் புடிச்சுருச்சா?”

சாருமதிக்கு மூச்சு வாங்கியது. “அப்ப… அந்த பெஞ்சுல அண்ணன் பக்கத்துல உட்காருவீங்களே. அப்ப உங்களுக்கு வலிச்சுதா?”

“வலிக்காம? நெருஞ்சி முள்ளு மேல உக்காந்தாப்பல இருக்கும். எந்திரிச்சு ஓடிரலாம்னு அப்படியே மனசு பறக்கும். எனக்கு மூலம்னு நெனச்சுட்டு எத்தனை கருணைக்கிழங்கு தின்னிருப்பேன் தெரியுங்களா? நீங்க வந்து சொன்னப்புறம்தான் பெஞ்சுன்னே தெரிஞ்சுது.”

“தெரியாதப்பவும் எழுந்திருக்கலியே! எல்லாரும் எழுந்து போனாங்க. நான் எழுந்து போனேன். நீங்க மட்டும் ஏன் எழுந்திருக்கல?”

சாந்தாமணி இது என்ன கேள்வி என்பதுபோல அவளைப் பார்த்தாள். சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்பைக் கிள்ளிப் போட்டாள்.

“அந்த மனுசன் பேசிட்டே இருக்கறப்ப எப்படீங்க எந்திரிக்கறது? ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போறப்ப அவரு மூஞ்சியப் பாத்திருக்கறீங்களா? நானும் போனா நல்லாவா இருக்கும்?”

அண்டாவிலிருந்து எழுந்த ஆவியில் சாருமதிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

“அண்ணன் அடுத்த வாரம் உட்கார ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க” என்றாள் கடைசியாக. “இதை அவர்கிட்ட சொல்லட்டுமா அக்கா?”

“ஐயோ, சொல்லிப்போடாதீங்க!” சாந்தாமணி பதறிப்போனாள். “அப்புறம் நான் எப்ப போய் உக்காந்தாலும், வலிக்குதா, எந்திரிச்சுக்கறயா, வலிக்குதா, எந்திரிச்சுக்கறயான்னு உசுர வாங்கிப்போடுவாரு. ஒரு வார்த்தை நிம்மதியாப் பேச முடியாது.”